கடலில்லாச் சீமையின் கப்பற் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்திலிருந்து அது பிரிந்தபோது, மரக்காணத்துக் கடலோரம் விழுப்புரத்தின் பங்கில் நின்றுவிட, கல்வராயன் மலையும் அதன் அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமியும் கள்ளக்குறிச்சியின் பங்காக வந்து சேர்ந்தன. அப்படியிருந்தும், சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படுகிறது என்ற விளம்பரம் கண்ணில் பட்ட நாள் முதலாக, தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கிளம்பினால் எந்தக் கப்பலில் ஏறுவது உசிதம் என்ற ஆலோசனையைச் சங்கராபுரத்து வீட்டுத் திண்ணையிலும் சின்னசேலத்துக் கடைவாசலிலும் கேட்கலாம். ஏரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பாராதவர்களுக்கு இது என்ன ஆசை என்று சிரிக்கிறவர்களும் உண்டு. சரித்திரம் அறிந்தவர் சிரிக்கமாட்டார்.

ஏனென்றால், பழைய தென்னாற்காடு ஜில்லாவின் மேற்கு ஓரத்தில் கிடந்த கள்ளக்குறிச்சித் தாலுகாவும் இதன் அண்டைத் தாலுகாக்களும் கப்பலுக்குப் புதியவையல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஜில்லாவின் மக்கள் கப்பலேறிப் பூமியின் மறுபக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை. கப்பல் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு குடும்பத்தில் யார் ஏறலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. அந்த அதிகாரம் கைமாறிய விதத்தைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

மலையைப் பற்றி முதலில் சிறிது. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாரோடு இவர்களுக்கு எவ்வித சம்பந்தமும் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் தமிழ் பேசும் இந்த ஜனங்கள் அப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் என்றும், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை முதலிய இடங்களில் ஏறிக் குடியமர்ந்தார்கள் என்றும் கர்ணபரம்பரை சொல்லுகிறது. கிழக்கே கடல் பக்கத்தில் இருக்க அதற்கு முதுகைக் காட்டி மேற்கே ஏறியவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இம்மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கம் நெடுங்காலம் இருந்தது. 1976-இல்தான் அது அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது. ஜில்லாக் கலெக்டர்களும் அவர்களுடைய சிப்பந்திகளும் மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி அப்பக்கம் அடிக்கடி தலைவைத்துப் படுக்காத காலத்தில், ஆள்பிடிக்கும் கங்காணியும் அங்கே ஏறத் தயங்கியிருப்பான் என்று ஊகிப்பதில் தவறில்லை. மலை தன் மக்களைக் காப்பாற்றிக்கொண்டது. அடிவாரம் அவ்வாறு காப்பாற்றவில்லை.

மலையின் தண்ணீர் மாத்திரம் ஆதிநாள் தொட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்வராயனில் பிறக்கும் கோமுகி நதி மணிமுத்தாற்றில் கலந்து, மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகே வங்கக் கடலில் விழுகிறது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகப் பண்டகசாலை வைத்த அந்தப் பரங்கிப்பேட்டையிலிருந்து மரைக்காயர்களின் மரக்கலங்கள் உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணியை ஏற்றிக்கொண்டு அச்சைக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போய்வந்தன. அதாவது, இந்தப் பிரதேசத்து மனிதன் கடல் தாண்டுவதற்கு முன்பே அவன் நெய்த வேட்டி தாண்டிவிட்டது.

மனிதன் தாண்டத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கேயோ பஞ்சமும் கடனும் ஆட்களை ஊரைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தன. தென்னாற்காட்டுக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரருடைய புதுச்சேரி இருந்தது ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளுக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 'ஒரேலி' என்னும் பாய்க்கப்பல் தமிழர்களை ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப்பில் போய் நின்றது. அந்த ஒரு தீவுக்கு மட்டும் பின்னால் போனவர்கள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச்சேரிக்கு நடந்துபோக மூன்று நான்கு நாள் போதும். புதுச்சேரியிலிருந்து குவாதலூப்புக்கோ ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் கிடக்க வேண்டும்.

ஆங்கிலேயர் பக்கத்தில், 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலைச் சேர்ந்த டர்பனை அடைந்தது. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. இரும்புப் பாலம் போட்டது கூட அதற்கு அடுத்த வருஷம். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையின்மேல் எம்பி எம்பி விழும் மசூலாப் படகில், பலகைகளைக் கயிற்றால் தைத்த அந்தப் படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் ஏற வேண்டும். கடலையே முன்பின் பார்த்திராத ஒரு திருக்கோவிலூர்க்காரனுக்கோ கள்ளக்குறிச்சிக்காரனுக்கோ அந்த முதல் அரைமணி நேரம் எப்படியிருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். அன்று தொடங்கி 1911-இல் நேட்டாலுக்கு ஆளனுப்புவது நிற்கும்வரை அங்கே சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை வழியாகப் போனவர்கள். வடஆற்காடும் தென்னாற்காடும் அவர்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்கள்.

இந்த யாத்திரையில் கப்பலைத் தேர்ந்தெடுத்தவர் யார்? ஏஜெண்டு. புறப்படும் தேதியைக் குறித்தவர்? ஏஜெண்டு. மனிதன் செய்ததெல்லாம் கூலிகளைத் தங்கவைக்கும் சென்னை டிப்போவுக்கு வந்து சேர்ந்து, டாக்டர் முன்னே சட்டையைக் கழற்றி நின்று, கிர்மிட் என்ற ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் பெருவிரலைப் பதித்ததுதான். டாக்டர் பார்த்தது ஒன்றே ஒன்று: உடம்பு வேலைக்கு ஆகுமா? கை உரமேறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். வயதான தாய்தகப்பனுக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. ஊனமுற்ற தம்பிக்கு இடமில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. குடும்பங்களின்மேல் கொண்ட கருணையால் அந்த விதி பிறந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். பெண்களே இல்லாத தோட்டங்களில் நேர்ந்த விபரீதங்கள் அந்த விதியைக் கட்டாயமாக்கின. அந்த நாற்பதை நிரப்ப முடியாதபோது கப்பல் புறப்படாமல் காத்துக் கிடந்தது. ஆக, குடும்பம் குடும்பமாகப் போவதென்பது கணக்கில் ஓர் எண்ணிக்கையாக இருந்தது. மூன்று தலைமுறை என்பது கணக்கிலேயே வரவில்லை. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சேலம் ஜில்லாவையும் சுற்றுப்புறங்களையும் சூறையாடியபோது கிழவர்களைத் திண்ணையில் விட்டுவிட்டு நடந்துபோன இளைஞர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை நினைத்தால், 'கப்பலேறிப் போயிட்டான்' என்று நம் கிராமங்களில் பெருமூச்சோடு சொல்லும் வழக்கத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இலங்கைப் பிரயாணம் இன்னும் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துப்போன கூலிகளின் கழுத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களிலிருந்து எண் பொறித்த ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதுதான் டின் டிக்கெட். ரயிலுக்கும் அதுவே, கப்பலுக்கும் அதுவே, தோட்டத்துக் கணக்கிலும் அதுவே. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஸ்டீமர் ஓடத் தொடங்கியபின், எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் விழுப்புரத்தில் தென்னாற்காட்டு ஜனங்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. கடலில் செல்லும் நேரம் மிகக் கொஞ்சம். பின்னாளில் ஓடிய 'இர்வின்', 'கோஷன்' என்ற இரண்டு ஸ்டீமர்களில் அன்றைக்கு எது நிற்கிறதோ அதில் ஏறவேண்டியதுதான். பார்த்து ஏறுவதற்கு அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை.

கப்பலைப் பார்த்து ஏறுவது என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டில் முதன்முதலாக ஊன்றியது தூத்துக்குடி. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டியபோது, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தார்கள். குடை கூட இனாமாகக் கொடுத்தார்கள் என்பது இன்றும் ஊர் சொல்லும் கதை. இனாமாக வந்த குடையை மறுத்துவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவனே தமிழ்நாட்டில் தன் இஷ்டத்தால் கப்பல் தேர்ந்தெடுத்த முதல் பிரயாணி என்று நான் எண்ணுகிறேன். அந்தக் கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை என்பதும், 1908-இல் அதன் தலைவர் சிறைக்குப் போனார் என்பதும் யாவரும் அறிந்ததே. அந்த அலை தென்னாற்காட்டின் மேற்கு ஓரம்வரை வந்து மோதியதாகச் சொல்வதற்கில்லை. அப்பக்கத்தார் அப்போதும் டிப்போவின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு உண்மையான கப்பற்காலம் மலேயாவோடு வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பிறகு, 1907-இல் அங்கே ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, கூலிகளின் கப்பற்செலவைத் தானே ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, அம்மை குத்தி, பெயரெழுதி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு செலவுகொடுத்து ஆளனுப்புவதைத் தடை செய்தது. யுத்தம் வந்தது, ஜப்பானியர் வந்தார்கள், மலேயாவிலிருந்து கடிதமும் பணமும் நின்றன. யுத்தம் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது அதில் ஏறிய பிரயாணி வேறு மாதிரியானவன். தன் கைக்காசில் டிக்கெட் வாங்கியவன். 1953-இல் மலேயா புதிய குடியேற்றச் சட்டத்தால் கதவைப் பாதி சாத்தியபிறகு, புதிதாக வேலை தேடிப் போகிறவர்கள் குறைந்து, ஏற்கெனவே அங்கே வேரூன்றிய குடும்பங்கள் இந்தியாவுக்கு வந்து திரும்புவதே கப்பற்போக்குவரத்தின் முக்கிய பகுதியாயிற்று. பேரனுக்குக் குலதெய்வத்தின் முன் காது குத்தவும், மகளுக்கு ஊரில் வரன் பார்க்கவும், நாற்பது வருஷமாகப் பிரிந்திருந்த தமக்கையைக் கண்ணால் காணவும், கூவாகத்துச் சித்திரைத் திருவிழாவுக்கும் ஆடி மாதக் கூழுக்கும் என்று, கிழவியும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கப்பலேறி வந்த அந்தப் பயணங்களே நம் பக்கத்தின் முதல் குடும்ப உல்லாசப் பயணங்கள். அதற்கு அப்போது அந்தப் பெயர் கிடையாது. ஊருக்குப் போய்வருவது என்றுதான் சொன்னார்கள்.

கப்பல்களில் பெரும்புகழ் பெற்றது 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட, எண்ணாயிரத்து ஐந்நூறு டன்னுக்குச் சற்றேறக்குறைய நின்ற இந்தக் கப்பல், தன் காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட, அறையில்லாத டெக் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்ததென்றால், அதில் மனிதனுக்கு எத்தனை முழம் இடம் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். யுத்தத்திற்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். ரஜூலாவோடு அதே ஆண்டில் பிறந்த சகோதரி 'ரோனா'. மலேயாத் தமிழரை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலை யுத்தகாலத்தில் படையேற்றப் பிடித்துப்போனார்கள். 1943-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத்தின் எரிகணையால் தாக்குண்டு ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவர்களோடு அது மூழ்கியது. மாண்டவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள். வெகுகாலம் வெளியே சொல்லாமல் மறைத்து வைக்கப்பட்ட செய்தி அது. ரஜூலா யுத்தத்திலிருந்து தப்பித்து வந்து, தன் பழைய தடத்தில், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று சுமார் ஒரு வார காலப் பிரயாணமாக, 1973 வரை ஓடிக்கொண்டேயிருந்தது. கப்பலுக்கு நாற்பத்தேழு வயது என்பது மனிதனுக்கு எண்பதுக்கும் மேல்.

அதற்குப் போட்டியாக வந்தது 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்'. சுதந்திர இந்தியாவில் ஏற்பட்ட கிழக்குக் கப்பல் கார்ப்பரேஷன் நடத்தி, பிறகு 1961-இல் இந்தியக் கப்பல் கார்ப்பரேஷன் உருவானபோது அதன் வசம் வந்த கப்பல், மூவர்ணக் கொடியுடையது, வயதில் ரஜூலாவுக்கு இளையது. ஆகவே, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்னே முதன்முறையாக இரண்டு கப்பல்கள் நின்றன. ரஜூலாவா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸா?

இந்தக் கேள்விக்குப் புகைபோக்கியின் அழகைப் பார்த்து யாரும் விடை சொல்லவில்லை. முதலில் தேதி, முகூர்த்த நாளுக்கு முன்பு எது கரை சேருமோ அது. இரண்டாவது, எந்தத் துறையில் ஏறுவது என்பது. இதில்தான் கள்ளக்குறிச்சி பக்கத்தாரின் விசேஷமான சங்கடம் இருந்தது. சின்னசேலத்தில் ரயிலேறி விருத்தாசலம் வந்து, கடலூர், மாயவரம் வழியாக வண்டி மாறி மாறி நாகப்பட்டினம் போகலாம்; அல்லது நேரே சென்னைக்குப் போய்விடலாம். கப்பல் பொதுவாகச் சென்னையில் ஆளேற்றிக்கொண்டு நாகைக்கு வந்து, பிறகு கிழக்கே திரும்பும். நாகையில் ஏறினால் கடலில் கழிக்கும் நாள் குறையும், குழந்தைகளுக்குக் குமட்டல் குறையும். ஆனால் நாகையில் கப்பல் கரையணைவதில்லை. தொலைவில் நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் ஏணியில் கால் வைக்கவேண்டும். அறுபது வயதுக் கிழவிக்கு அது ஒரு கண்டம். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அந்தக் கடல் இருக்கும் இருப்பைப் பார்த்தால் இளைஞனுக்கே கண்டம். மேலும், சென்னையில் ஏறியவர்கள் டெக்கில் நல்ல இடமெல்லாம் பாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். யந்திரத்தின் சூடு தாக்காமல், கக்கூஸின் நாற்றம் வராமல், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், காற்று வரும் ஆனால் மழைச்சாரல் அடிக்காத இடம் ஒன்றைப் பிடிப்பதே டெக் பிரயாணியின் சாமர்த்தியம் அனைத்தும். பெட்டிகளை நான்கு பக்கமும் அரணாக அடுக்கி, நடுவில் கிழவியையும் கைக்குழந்தையையும் இருத்தி, ஓரத்தில் ஆண்பிள்ளைகள் படுத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு அறை தயார். ஆகவே போகும்போது சென்னையில் ஏறுவதும், வரும்போது முதலில் எதிர்ப்படும் நாகையிலேயே இறங்கிவிடுவதும் விவேகமான ஏற்பாடு என்று இன்று கணக்கிட்டுப் பார்த்தாலும் தெரிகிறது. மூட்டைமுடிச்சு அதிகமிருந்தால் அந்தக் கணக்கும் தவறிவிடும். மலேயாவிலிருந்து வருகிறவர்களுக்கு மூட்டை குறைந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மூன்றாவது, சோறு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையற்கட்டு வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்ற அச்சத்தில் வளர்ந்த மூத்த தலைமுறை, புளியோதரையையும் முறுக்கையும் அவலையும் ஊறுகாயையும் கொண்டே ஒரு வாரத்தைக் கழித்துவிடும். அடுத்த தலைமுறை கப்பற்சோற்றைக் குறைகூறிக்கொண்டே சாப்பிடும். பேரப்பிள்ளைகளோ அந்தச் சோற்றுக்காகவே இன்னொரு முறை கப்பலேற ஆசைப்படும். ஒரே குடும்பத்தின் மூன்று வாய்களுக்கு மூன்று ருசி என்ற சிக்கல், இன்றைய உல்லாசக் கப்பலின் ஜைன உணவும் சைவ உணவும் அடுக்கிய விருந்து மேஜையைப் பார்க்கும்போது தீர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். பாட்டி அங்கேயும் தயிர்சாதம்தான் கேட்கிறாள்.

நோய்த்தடை முகாமைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு குறையாகிவிடும். டெக் பிரயாணிகளிடையே அம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால் பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான் தீவிலும் இறக்கி நாட்கணக்கில் வைத்துவிடுவார்கள். காபினில் வந்தவர்கள் நேரே வீட்டுக்குப் போவார்கள். குடும்பத்தில் ஒருவருக்காவது பணம் சேர்ந்தவுடன், முதல் காரியமாகக் கிழவிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுக்க முனைந்ததற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். ஒரே குடும்பம், ஒரே கப்பல், இரண்டு தளங்கள்! மேலே போக டெக் பிரயாணிக்கு அனுமதி இல்லை. கீழே இறங்கி வருவதற்கு மட்டும் மேலே இருப்பவருக்குத் தடையில்லை. மருமகள் பாலாற்றிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்ற நிலையை, ஜாதியைவிட வகுப்பு பெரிதென்று கப்பல் கற்பித்த பாடமென்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

1973-இல் ரஜூலா விற்கப்பட்டு, மறு வருஷம் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' முற்றிலும் வேறு ஜாதிக் கப்பல். பிரெஞ்சுக் கம்பெனியொன்று தென்னமெரிக்கப் போக்குவரத்துக்காக 1966-இல் 'பாஸ்தர்' என்ற பெயரில் மிதக்கவிட்ட, ரஜூலாவைப்போல் இரண்டு மடங்கு பருமனுள்ள மாளிகை அது. இனிமேல் தேர்ந்தெடுக்க வேண்டிய சிரமம் இல்லை; இருப்பது ஒரு கப்பல். அதே சமயம் விமானக் கட்டணமும் மெல்ல மெல்ல எட்டும் உயரத்துக்கு இறங்கிவந்தது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப்பின் அந்தக் கப்பல் பிரயாணிகளை ஏற்றவில்லை. அந்தத் தடமும் அற்றுப்போயிற்று. அதற்கு முந்தின வருஷமே, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் பதிலாக ராமேசுவரத்திலிருந்து ஓடிய 'ராமானுஜம்' கப்பலும் இலங்கைக் கலவரத்தின் காரணமாக நின்றுவிட்டது. சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பல்லாயிரவர், தாத்தா முதல் கைக்குழந்தை வரை, அந்த ராமானுஜத்தில்தான் வந்திறங்கினார்கள். மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கப்பலேறியதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. அவர்களையும் எந்தக் கப்பல் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாக விடியற்காலையில் வேன் பிடித்தால் பகலுக்குள் சென்னைத் துறைமுகத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு குடும்பத்தின் முன்னே இருப்பவை இரண்டு; நாகப்பட்டினத்தையும் சேர்த்தால் மூன்று. முதலாவது, 2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்'. அமெரிக்கக் கம்பெனிக்காக 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்று பிறந்த இந்தக் கப்பலின் பருமன் ரஜூலாவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டு இரவு நடுக்கடலுக்குப் போய்த் திரும்புவது, விசாகப்பட்டினம் போய்வருவது என்று பல திட்டங்கள் வைத்தார்கள். புதுச்சேரியில் நிறுத்துவதற்கு, சூதாட்டம் இருக்கிறதென்ற ஆட்சேபத்தால் அந்த வருஷம் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கூலிக்கப்பலுக்குத் துறையைத் திறந்துவிட்ட புதுச்சேரி உல்லாசக் கப்பலுக்குக் கதவடைத்தது காலத்தின் விநோதம். 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவரவும் அந்தக் கப்பல் போயிற்று.

இரண்டாவது, அந்தமானுக்குச் செல்லும் அரசாங்கக் கப்பல்கள்: 'நான்கௌரி', 'ஸ்வராஜ் தீப்', 'நிகோபார்' முதலியன. மூன்று நாட்களுக்குச் சற்றேறக்குறைய ஆகும் பிரயாணம். டீலக்ஸ் அறை, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் படுக்கை என்று பழைய கப்பல்களின் தளவரிசை இன்னும் அங்கே உயிரோடிருக்கிறது. மூன்றாவது, நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரில் மீண்ட விரைவுப்படகு. நான்கு மணி நேரத்தில் கரை சேர்க்கும். பாஸ்போர்ட்டு இல்லாமல் முடியாது.

உல்லாசக் கப்பலா, அந்தமான் கப்பலா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாகக் கடலைக் காணப்போகும் முதியவர்களுக்கு மூன்று நாள் இரண்டாம் வகுப்பின் மேற்படுக்கை தண்டனையாகும். கீழ்ப்படுக்கை கிடைக்குமென்ற உறுதி இருந்தாலன்றி அதை நினைக்கவேண்டாம். இரண்டு இரவில் சென்னைக்கே திரும்பிவிடும் கப்பல், அலையில் தலைசுற்றினாலும் தாங்கக்கூடிய பரீட்சை. அதில் லிப்ட் உண்டு, டாக்டர் உண்டு. அறைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, கடல் தெரியும் ஜன்னலுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில், பாட்டியின் அறையும் மகனின் அறையும் எதிரெதிராகக் கிடைப்பதற்கு அதிகம் கொடுக்கலாம். ஆட்டம் அங்கேதான் குறைவு, நள்ளிரவில் கூப்பிட்டால் குரல் கேட்பதும் அங்கேதான். சாதாரண உள்ளறையைப் பலரும் இளப்பமாகப் பேசுகிறார்கள்; டெக்கில் பாய் விரித்த தலைமுறையின் பேரன் அதை இளப்பமாகப் பேசுவது பொருந்தாது. உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பல, ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் இருபத்துநான்கு வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணியையும் ஏற்றுவதில்லை என்பதையும் டிக்கெட்டுக்கு முன்னே விசாரித்துக்கொள்வது நல்லது. டிப்போ டாக்டரின் வாரிசு இன்னும் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கும் லட்சணங்கள்தான் மாறிவிட்டன.

தேதியைப் பொறுத்தவரை பழைய சங்கடம் அப்படியே இருக்கிறது. மேற்குக் கடலில் பருவமழை தொடங்கும் காலத்தில் அந்த உல்லாசக் கப்பல் பம்பாயை விட்டுக் கிழக்கே சென்னைக்கு வருவது வழக்கம். அதாவது ஜூன் மாதத்தை ஒட்டி, நம் பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயத்தில். அந்தமான் கப்பலுக்கோ தேதிப்பட்டியல் முன்கூட்டி நெடுநாளைக்கு வெளிவருவதில்லை. ராஜாஜி சாலையிலுள்ள அலுவலகத்தில் விசாரித்து, மாதத்துக்கு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே, பேரன் பேத்திகளின் கோடை விடுமுறை, மருமகளின் ஆபீஸ் லீவு, தாத்தாவின் மாத்திரை தீரும் நாள், கரும்பு வெட்டு இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடித்த பிறகே கப்பலின் பெயரைக் கேட்பது முறையாகும். இல்லாவிட்டால், சென்ற கோடையில் கடற்பயணத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தோடு வெள்ளிமலைக்கு வேன் பிடித்துப் போய், பெரியார் அருவியில் குளித்துவிட்டு வந்த குடும்பங்களின் வரிசையில் சேர வேண்டியிருக்கும். அவர்களும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.